வீட்டில் இல்லாத பிள்ளை

1945இல் இளம்பிள்ளை வாதம் மொரீசியசில் பரவியபோது, பிள்ளைகளைக் காப்பாற்றப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தலைநகரின் டிராங்கெபார் பகுதிப் பள்ளியையும் மூடி, நோய் கண்ட பிள்ளைகளின் வார்டாக மாற்றினார்கள். நல்ல கால் உள்ள பிள்ளைக்கு இனி அங்கே இடமில்லை.

பத்து வயது காத்தாயி இதைச் சட்டென்று புரிந்துகொண்டாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு, அத்தை செங்கம்மாவின் வடைக் கடையிலிருந்து கிடைத்த ஒரே விடுதலை பள்ளி நேரம்தான். இப்போது நாள் முழுக்கப் பருப்பு அரைத்தாள், வடை சுட்டாள். சுணங்கினால் அத்தையின் சூடான எண்ணெய்க் கரண்டி கையில் பட்டது. ஒரு நாள் விடிந்ததும் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துவந்து வார்டு வாசலில் நின்றாள்.

அங்கே உதவிக்கு இருந்த அவளுடைய டீச்சர் அமிர்தம் பதறிப்போனாள். டாக்டர் காத்தாயியை மேசையில் உட்காரவைத்து, முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. இதில் நடிக்க முடியாது. தட்டிய சேதி முதுகுத் தண்டுவரை போய் அங்கிருந்தே திரும்பிவிடும்; மூளையிடம் அனுமதி கேட்காது. வாதம் அடிப்பது அந்தத் தண்டில்தான். அது தாக்கிய கால் இப்படித் துள்ளாது.

"நோய் இல்ல. வீட்டுக்கு அனுப்புங்க." கையில் இருந்த சூட்டுக் காயங்களையும் டாக்டர் பார்த்தார். "இதுக்கு இங்க வார்டு இல்ல."

வார்டில் வைத்திருந்தாலும் நிஜ நோயே ஒட்டிக்கொள்ளும். வேறு வழி தெரியாமல் அமிர்தம் அவளைக் கூட்டிக்கொண்டு அத்தையின் கடைக்கு நடந்தாள். காத்தாயி நொண்டுவதை விடவில்லை. எதிரே வந்தவர்கள் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். "போதும், நேரா நட" என்று சொல்லப்போன அமிர்தம், அதைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள்.

செங்கம்மாவின் கடையில் கூட்டம் நின்றது.

"அக்கா, இவ உங்க வீட்டுப் பிள்ளைதானே?" அமிர்தம் உரக்கக் கேட்டாள். "வார்டுல டாக்டர் முட்டியத் தட்டிப் பாத்தாரு."

அவ்வளவும் உண்மை. துறைமுகக் கூலி க்ளெமான், கடித்த வடையை வாயில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டான். "பொந்தியே, கடவுளே! நேத்து எனக்கு வடை கட்டிக் குடுத்தது இவதானே?"

"நோன், நோன்!" என்று அலறினாள் செங்கம்மா. "அது வேற பொண்ணு! இவ எங்க வீட்டுல இல்ல, மிஸ்!"

"அப்ப எங்க இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? உங்ககிட்டதான் படிக்கிறா. நீங்களே வச்சுக்குங்க!"

"எல்லாரும் கேட்டீங்கள்ல?" என்றாள் அமிர்தம்.

எல்லாரும் கேட்டார்கள், நாலடி தள்ளி நின்று.

அமிர்தம் வீட்டுத் தெருவில், காத்தாயி நொண்டி வருவதைக் கண்ட பக்கத்து வீட்டு ஜோசெட் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துப்போட்டுச் சன்னலை அறைந்து சாத்தினாள்.

"மிஸ், ஏன் சாத்துறாங்க?"

"நல்லதுதான். உன்னத் தேடி யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."