கள ஆய்வுச் சனிக்கிழமை

பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறா, சமூகவியலா என்று வித்யாலட்சுமி மிஸ் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டு வந்தபோது, சங்கமித்ரா எழுந்து நின்று, "ஹிஸ்டரி மிஸ்" என்றாள். பதினோராம் வகுப்பு முழுக்கச் சமூகவியலில் முதலாவதாக வந்தவள் அவள். ஜாதியைப் பற்றி அவள் எழுதிய பதிலை மிஸ் பக்கத்து செக்ஷனிலும் வாசித்துக் காட்டியிருந்தார். "நீ எடுக்கலன்னா வேற யாரும்மா எடுக்கிறது?" என்றார். பக்கத்தில் இருந்த வீணா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக எடுப்பதாகத்தான் பேச்சு. அரசர்கள் பெயரும் போர் நடந்த வருஷமும் சங்கமித்ராவின் மண்டையில் ஏறாது என்பது வகுப்புக்கே தெரியும்.

சமூகவியல் எடுத்தால் கள ஆய்வு உண்டு. அந்தப் பள்ளிக்கூடம் வருஷா வருஷம் போவது அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்துக்கு. நடந்தே போகலாம், வேன் வைக்க வேண்டாம், பிரின்சிபாலுக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்தச் சந்தில்தான் சங்கமித்ராவின் வீடு. போன வருஷம் சீனியர்கள் வந்து குழாயடியில் குடங்களை எண்ணினார்கள். பொதுக் கக்கூஸை மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அவர்கள் போகிறவரை அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். வீணாவிடம் வீடு பிரேசர் டவுன் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தாள். பக்கம்தானே, அதில் என்ன பொய் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள்.

அம்மா யசோதாவுக்கு மெட்ரோ ஸ்டேஷனில் தரை துடைக்கிற வேலை. ரொட்டி தட்டும்போது மகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். சமூகவியல் என்றால் அவளுக்கு உயிர். இதெல்லாம் நம்ம கதைதானே, இதைப் போய் புத்தகத்தில் போட்டிருக்கிறானே என்று சிரிப்பாள்.

"ஏன் அத்த உட்டுட்ட? நல்லாத்தானே படிச்சினு இருந்த?"

"மார்க் வராதும்மா."

"சும்மா சொல்லாத. உனக்கு மார்க் வர்றதே அதுலதான்."

உன்னை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? சங்கமித்ரா கை கழுவப் போய்விட்டாள்.

பாடத்தை விட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்ததுதான் மடத்தனம். அவள் எடுக்கவில்லை என்பதற்காகச் சந்து இடம் மாறிவிடுமா என்ன? மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, வரலாற்றுப் பிள்ளைகளுக்கு வகுப்பில்லை. யூனிஃபார்மை அலசி வாசல் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே வந்தவளுக்கு, இரண்டு வீடு தள்ளி வீணாவின் குரல் கேட்டது. ஓடி வந்து கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த யசோதா தெருவில் வந்த பெண்களைப் பார்த்தாள். கம்பியில் சொட்டிக்கொண்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தாள். பிறகு கதவிடுக்கில் மகளின் முகத்தை. எழுந்து யூனிஃபார்மை உருவிச் சுருட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"ஆன்ட்டி, நானும் தமிழ்தான். ஸ்கூல் பிராஜெக்ட். கொஞ்சம் கேக்கலாமா?" என்றாள் வீணா.

"கேளும்மா."

தண்ணீர் எப்போது வரும், கரண்ட் போகுமா, என்ன வேலை. அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். மதம் என்று கேட்டதற்கு பௌத்தம் என்றாள்.

"அதுக்கு முன்னாடி என்ன ஆன்ட்டி? கேட்டுனு வரச் சொன்னாங்க." வீணாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

அம்மா சொன்னாள். அந்த ஜாதிப் பெயரை அம்மாவின் வாயால் சங்கமித்ரா அதுவரை கேட்டதில்லை.

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

"இல்ல கண்ணு. யாரும் இல்ல."

"ஐயோ, சாரி ஆன்ட்டி." வீணா நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

காலடிகள் அடுத்த வீட்டுக்குப் போயின. யசோதா உள்ளே திரும்பவில்லை. பின்னால் கட்டிய கை அப்படியே இருந்தது. பிழியாத யூனிஃபார்மிலிருந்து சொட்டிய நீர் நிலைப்படி தாண்டி, சிமென்ட் தரையில் கோடாக ஓடி, கதவுக்குப் பின்னால் வந்து சங்கமித்ராவின் கால்விரல்களை நனைத்தது. அவள் காலை நகர்த்தவில்லை.