சொட்டுநீர்த் தொட்டி

அரியலூர் சிமெண்ட் ஆலையில் வருசா வருசம் சூளையை நிறுத்தி உள்ளே செங்கல் மாற்றுவார்கள். அதற்கு ஷட் டவுன் என்று பெயர். பெயர்தான் நிறுத்தம், அந்த நாட்களில் சூளையைத் தவிர வேறு யாருக்கும் ஓய்வு கிடையாது. லேபில் கெமிஸ்டாக இருக்கும் ஹேமலதா காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறினால் எப்போது வீடு திரும்புவாள் என்பது அவளுக்கே தெரியாது. போன வருசம் அப்படி ஒரு ஷட் டவுனில்தான் அவள் வளர்த்த டிஸ்கஸ் மீன்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்துப்போயின.

டிஸ்கஸ் மீன் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். சிவப்பும் நீலமுமாக அது நிதானமாகத் திரும்புகிற அழகைப் பார்த்தால், கல்யாண வீட்டில் பட்டுப்புடவை சரசரக்க நடக்கிற சம்பந்தியம்மா தோற்றாள். குணமும் சம்பந்தியம்மா குணம்தான். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிடும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள் என்று மீன்கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

செத்த மீன்களைக் கொல்லையில் வாழையடியில் புதைத்தவன் புருசன் ராஜதுரை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை, ஆனால் அன்றைக்கு அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இன்னொரு வாட்டி வளக்கணும்னா வளத்துக்க, வேணாங்கல. ஆனா அடுத்த ஷட் டவுன்ல ஒரு மீனு செத்தாலும் தொட்டி பாடாலூர் போயிரும். அய்யம்பெருமாள் அவரு ஓட்டல் வாசல்ல வக்கக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

ஹேமலதா சரி என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். அந்த வீட்டில் பீரோ, டிவி, ஜன்னல் திரை வரைக்கும் மற்றவர்கள் பார்த்து வாங்கியது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தத் தொட்டி ஒன்றுதான். பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் தூளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அழுது முடித்ததும் லேபில் யோசிக்கிற மாதிரி யோசித்தாள். மனுசி ஓடி ஓடி வேலை பார்த்தால்தான் மீன் பிழைக்கும் என்றால், ஓட முடியாத அன்றைக்கு அது சாகத்தான் செய்யும். ஆகவே வேலையே கேட்காத தொட்டி வேண்டும். மணல் வேண்டாம், செடி வேண்டாம், அழகுக்கல் வேண்டவே வேண்டாம், வெறும் கண்ணாடி. பெரிய தொட்டியில் அஞ்சே மீன். அழுக்கைப் பிடிக்க இரண்டு பஞ்சு ஃபில்டர். கரண்ட் போனால் காற்று மோட்டாருக்கு இன்வெர்ட்டர்.

தண்ணீர்தான் இடித்தது. டிஸ்கஸுக்குச் சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் வேண்டும். "சுண்ணாம்பு ஊர்ல டிஸ்கஸா?" என்று லேபில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் அசரவில்லை. மீனுக்கு உசத்தியான தண்ணீரைவிட என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிற தண்ணீர்தான் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். போர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் என்ன அளவில் கலக்க வேண்டும் என்று சோதித்து முடிவு செய்தாள். ஆனால் அதைத் தினமும் மாற்றுவது யார்?

ராஜதுரைக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரும்பாவூர்க்காரர் ஒருவர் சின்ன வெங்காயத்துக்கு டிரிப்பர் வாங்கிக்கொண்டிருந்தார். பொட்டு அளவுக் கறுப்புக் குமிழ். ராத்திரி பகல் பார்க்காமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். ஹேமலதா சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் மாடியில் ஒரு டிரம் ஏறியது. அதிலிருந்து குழாய் இறங்கி, தொட்டிக்கு மேலே டிரிப்பர் சொட்டியது. தொட்டியின் மேல் விளிம்பில் ஓட்டை போட்டு, வழிகிற பழைய தண்ணீரை வாழைக்கு விட்டார்கள். டிரம்மை நிரப்புவது வாரத்தில் ஒரு வேலை, அதோடு சரி.

"வெங்காயத்துக்கு வுடறத மீனுக்கு வுடற மொத ஆளு நீதான்" என்று கேலி செய்துகொண்டே ராஜதுரைதான் எல்லாவற்றையும் மாட்டினான். கடைக்காரனுக்குத் தன் சரக்கு புது வேலை பார்ப்பதில் உள்ளுக்குள் சந்தோசம்.

சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் அஞ்சு டிஸ்கஸ் வந்தன. ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போயின. மீன்கள் பளபளவென்று வளர்ந்தன. வாழையும் குலை தள்ளியது. ஹேமலதா தலை நிமிர்ந்து நடந்தாள்.

அப்புறம் ஷட் டவுன் வந்தது. மூன்று நாள் இருட்டில் வந்து இருட்டில் போய், நான்காம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தவள், தொட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். தண்ணீர் அரிசி கழுநீர் மாதிரி இருந்தது. அஞ்சு மீனும் கறுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. மாடிக்கு ஓடினாள், டிரம்மில் தண்ணீர் இருந்தது. டிரிப்பர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன்? தீனி டப்பாவைக் கையில் எடுத்ததும் புரிந்துவிட்டது. நிரப்பி வைத்துவிட்டுப் போன டப்பா கிட்டத்தட்டக் காலி.

"யாரு மீனுக்குத் தீனி போட்டது?"

"நான் ஒரு தடவதான் போட்டேன்" என்றான் ராஜதுரை. மகள் கவியா, "நான் ஸ்கூல் போறப்ப ஒரு தடவ, வந்து ஒரு தடவ" என்றாள்.

மாமியார் கலியம்மாள் மறைக்கவேயில்லை. "நான் பாக்குறப்பல்லாம் போட்டேன். கிட்டப் போனா ஓடியாந்து வாயத் தொறக்குது. வாயில்லா ஜீவன், பசிக்குதுன்னு எப்புடிச் சொல்லும்?"

"அத்த, டிஸ்கஸ் எப்பவும் அப்புடித்தான் கேக்கும். பெரிய மீனு, நாலு நாளு பட்டினி கெடந்தா ஒன்னும் ஆவாது. நீங்க போட்டதுதான் அழுகித் தண்ணியக் கெடுத்துருச்சு."

பட்டினி என்ற சொல்லைக் கேட்டதும் கலியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "வூட்டுல வளர்றதப் பட்டினி போட்டா குடும்பம் வெளங்குமா? எங்கிட்ட இன்னொரு தரம் அந்தப் பேச்சு பேசாத."

ஹேமலதா பாதித் தண்ணீரை இறைத்து மாற்றினாள். மறுநாள் டப்பாவைப் பூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சாதம் போடுவார்கள், பிஸ்கட் போடுவார்கள். இந்த வீட்டில் பசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தண்ணீரைக் கணக்குப் போட்டவள், இந்தக் கைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொட்டி பாடாலூர் போனதாகவே நினைத்தாள்.

காலையில் கலியம்மாள் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றாள். வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலுக்குக் கிளம்புகிறாள். "காப்பி தரவா அத்த?" என்று ஹேமலதா வாய் தவறிக் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம வெரதம், காப்பிங்கிறியே" என்று கலியம்மாள் ஒதுங்கினாள்.

ஹேமலதா கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அத்த, மீனுக்கும் இன்னையிலேர்ந்து வெரதம்."

"மீனுக்கா?"

"ஆமா. நாளு வுட்டு நாளு ஒரு பொழுது, ஒரு சிட்டிக. சூளை பத்த வக்கிற வரைக்கும்."

கலியம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தச் சாமிக்கு?"

"மதுரகாளிக்குத்தான்." அஞ்சு உயிரும் பிழைக்க வேண்டும் என்று ராத்திரி அந்த அம்மனைத்தான் கும்பிட்டிருந்தாள், அதனால் பொய்யும் இல்லை.

கலியம்மாள் தீனி டப்பாவை வாங்கி சாமி மாடத்தில் வைத்து, ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். பட்டினி போடுவது பாவம். விரதத்தைக் கெடுப்பது அதைவிடப் பாவம். அதற்கப்புறம் அந்தத் தொட்டிக்குப் போலீஸ் காவல் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பிஸ்கட்டோடு போன ராஜதுரை கையும் களவுமாக மாட்டினான்.

"வெரதக்காரங்க வாயில கொண்டுபோயி திணிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

பக்கத்து வீட்டுக்காரி பொரி கொண்டுவந்து வாசலோடு திரும்பினாள். கவியா தொட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். டிரிப்பர் மட்டும் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

சூளை பற்றவைத்து, சிமெண்டுக்கு அரைக்கிற முதல் கிளிங்கர் நல்ல தரத்தில் வந்து, லேபில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்ட அன்று, கொடுத்த லட்டை ஹேமலதா தின்னாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ் பேரளி தாண்டும் வரைக்கும் அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் எல்லோரும் தொட்டி முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அஞ்சு மீனும் செக்கச்செவேலென்று இருந்தன. அதில் இரண்டு, ஃபில்டர் குழாயில் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன.

"மசக்கைய மறச்சு வெரதம் இருந்துருக்கா பாரு" என்றாள் கலியம்மாள் பெருமையாக.

ஹேமலதா பையைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். தலைகால் புரியவில்லை. அதே நேரத்தில் ராஜதுரையின் போன் அடித்தது. பாடாலூர் அய்யம்பெருமாள். ராஜதுரை அவளைப் பார்த்தான்; போனை அவளிடமே நீட்டினான்.

"தங்கச்சி, தொட்டிக்கு வண்டி அனுப்பட்டுமா?"

"தொட்டி தர்றதுக்கில்லீங்கண்ணே."

"மீனு பொழச்சிருச்சா? சுண்ணாம்புத் தண்ணியிலயா?"

"பொழச்சு முட்டையும் வச்சிருக்கு."

"அப்ப குஞ்சு பொரிச்சா ஒரு சோடி குடும்மா. தொட்டி நான் வாங்கிக்கிறேன், டிரிப்பரு தம்பி மாட்டிக் குடுக்கட்டும்."

"ஓட்டலுக்கா? வர்றவங்க போறவங்கல்லாம் புரோட்டாவப் பிச்சுப் போடுவாங்கண்ணே. மாட்டேன்" என்றாள் ஹேமலதா. போனை வைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ராஜதுரை உள்ளே போய் அவளுக்குக் காப்பி போட ஆரம்பித்தான்.