காய்ச்சல் பத்தல

என் வீட்டுக்காரருக்குச் செடி வாடினால் பொறுக்காது. நான் வாடி நின்றால் கண்ணில் படாது. இருந்த வேலையை உதறிவிட்டு, குத்தகை நிலத்தில் அவர் நட்டது காய்ச்சல் மருந்துக்கான கசப்பு இலை. மருந்துத் தொழிற்சாலை இலையை வாங்கிக்கொண்டால்தான் நிலம் எங்களிடம் தங்கும். அங்கே இலையைச் சோதிப்பவள் அவருடைய தங்கை, என் நாத்தனார்.

அறுவடைக்கு முன் ஒரு பிடி இலையை மாதிரிக்கு அனுப்பினோம். போனில் அவளிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான்: "காய்ச்சல் பத்தல."

வயல் காய்வதும் காய்ச்சல்தான், அறுத்த இலை காய்வதும் காய்ச்சல்தான். அவள் சொன்னது வயலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணீரை நிறுத்தி, செடியைக் கொஞ்சம் தவிக்கவிட்டு அறுத்தால்தான் கசப்பு ஏறும். இவர் எடுத்துக்கொண்டது இலையை. அறுக்கும் நாள்வரை தண்ணீர் பாய்ச்சினார். பிறகு, நிழலில் உலர வேண்டிய இலையைத் தகரக் கொட்டகை வெக்கையில் நொறுங்கும்வரை போட்டு வாட்டினார். கூட நின்று புரட்டிப் போட்டது நான்.

மூட்டைகள் போன சில நாளில் நாத்தனாரே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"தேறலண்ணா."

"மெஷின் சொல்றத விடு. நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"மாட்டேன்."

"கூடப் பிறந்தவ பேசுற பேச்சா இது? உன் பேச்சக் கேட்டுத்தானே காய வச்சேன்!"

"நான் வயலச் சொன்னேண்ணா."

எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் இவளுக்கு வாய் வலிக்குமா? திருப்பி ஒரு வார்த்தை கேட்டால் இவருக்குக் கிரீடம் இறங்கிவிடுமா?

அவள் கைப்பையிலிருந்து எங்கள் இலை ஒன்றை எடுத்து நீட்டினாள். "மென்னு பாரு. காய்ச்சல்ல கிடக்குற குழந்தைக்கு இத நம்பித்தான் குடுப்பாங்க."

அந்த இலை நாக்கில் பட்டாலே அவர் முகம் அஷ்டகோணலாகிவிடும். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவர் மென்றுகொண்டே இருந்தார். முகம் அப்படியே இருந்தது.

"கசக்கல" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "எல்லாத்தையும் எரிச்சிடு பாப்பா. வேற யார் கைக்கும் இது போகக் கூடாது" என்றார்.

நிலம் போய்விட்டது என்று மூவருக்கும் தெரிந்தது. நான் அழுதேன். நாத்தனார் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.