அழிந்துபோன இரண்டு எண்கள்

சிறுகுடல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் மெழுகண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர், மிருகம் என்ற பேதமில்லாமல் அங்கே வந்து சேரும் குடல் துணுக்குகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு துணுக்கும் மாறிப் போனதில்லை.

அன்று காலை, துணுக்குகளை இரவெல்லாம் ஊறவைத்துப் பதப்படுத்தும் இயந்திரத்தைத் திறந்தார். உள்ளே இருந்தவை இரண்டே இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டிகள், தீப்பெட்டியில் பாதி அளவு. இரண்டிலும் எண் எழுதிய முகம் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. நாற்பத்தொன்று எது, நாற்பத்திரண்டு எது? நாற்பத்தொன்று ஆறு வயதுச் சிறுமியின் குடல். நாற்பத்திரண்டு ஒரு பூனையின் குடல்.

தப்பு எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இரவெல்லாம் ஆல்கஹாலில் ஊறும் பெட்டியில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை நிற்காது, கரைந்துவிடும். நேற்று அவர் பேனாவால் எழுதியிருந்தார். பென்சில் கையில் இல்லை.

பென்சில் போன கதை இதுதான். நேற்று ஆஸ்பத்திரிக்குத் துணுக்கு வாங்கிவரப் போனபோது, வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் அறைக்கு வெளியே அந்தச் சிறுமி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா அழுற?"

"வாய்க்குள்ள பாம்பு விடப் போறாங்களாம்."

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. சின்னக் குழா, முனையில ஒரு லைட்டு. அவ்வளவுதான். இந்தா பென்சில், அது எப்படி இருக்கும்னு நீயே வரை. தூங்கி எந்திரிச்சதும் சரியான்னு பாரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த அம்மா கேட்காமலேயே சொன்னாள்: "ஆறு வயசுங்க. நாலு வயசுச் சட்டைதான் போடுறா. நான் ஒழுங்கா சாப்பாடு போடலன்னு மாமியார்லேர்ந்து நாத்தனார் வரைக்கும் சொல்றாங்க. ரிப்போர்ட்டுல என்னதான் வருதுன்னு பார்ப்போம்."

பென்சிலைத் திரும்பக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்தத் தண்டனையா? நல்லது செய்யப் போனால் கெட்டதுதான் வந்து நிற்குமா? 'கடவுளே, இது எனக்கு விளங்கலையே' என்று முணுமுணுத்தபடி பெட்டிகளைத் திறந்தார். ஒன்றில் துணுக்கு வெறுமனே கிடந்தது. இன்னொன்றில் ஏதோ வெளிறிய சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பூனைத் துணுக்கு அவர் கைக்கு வருவது இதுவே முதல் தடவை. எதைப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை. இரண்டையும் மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

வெறுமனே கிடந்த துணுக்கு, புல் வெட்டிய தரைபோல மொட்டையாக இருந்தது. உணவை உறிஞ்சும் விரல் விரலான நீட்சிகள் ஒன்றுகூட இல்லை. சவ்வில் இருந்த துணுக்கில் விரல்கள் அழகாக, நெடுநெடுவென்று நின்றன. அவற்றுக்குக் கீழே அந்தச் சவ்வு, கட்டம் கட்டமாகத் தடித்த சுவர்களோடு தெரிந்தது. சதையில் அப்படிச் சுவர் இருக்காது. அது காய்கறி.

அவருக்கு உயிர் வந்தது. பூனை எங்கே காய்கறி தின்னும்? அப்படியென்றால் இதுதான் சிறுமியுடையது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை! புதுப் பென்சிலைச் சீவி, தகட்டின் ஓரத்தில் '4' என்று எழுதியும்விட்டார்.

கை அங்கேயே நின்றது. ஒன்றும் இல்லையென்றால் அந்த நாலு வயதுச் சட்டைக்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், பழி முழுக்க அந்த அம்மா தலையில்தானே விடியும்? இதை நான் கண்டுபிடித்தேனா, ஆசைப்பட்டேனா? மறுபடி பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் தகடுகளைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, பூனைத் துணுக்கை எடுத்துக் கொடுத்திருந்த, இரண்டு வாரத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த மிருக டாக்டரின் அறைக்குப் போனார்.

"டாக்டரம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார்.

அந்தப் பெண் தகட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, இது வெள்ளரிக்காய்."

"பூனை வெள்ளரிக்காய் தின்னுச்சா?"

"அது தின்னாது, மீன் குடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கும். நான்தான் வெச்சேன். பூனைத் துணுக்கு சுருண்டுடும்ணே. காய வெச்ச வெள்ளரிச் சீவல் மேல ஒட்டினா நிமிர்ந்து நிக்கும். நாங்க படிச்ச எடத்துல எல்லாரும் இப்படித்தான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், என் தப்பும்தான்."

"அப்போ மொட்டையா இருக்கறது…"

சிரிப்பு நின்றது. "பாப்பாவோடது" என்றாள் மெதுவாக.

இருவரும் கூடத்தின் தலைவரான பெரிய டாக்டரிடம் போனார்கள். அவர் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"பதினெட்டு வருஷமா பென்சில் பிடிச்ச கைக்கு நேத்து என்னய்யா வந்துச்சு?"

"பென்சிலைக் குடுத்துட்டேன் சார்."

"யாருக்கு?"

"நாற்பத்தொண்ணுக்கு."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "சரி. மொட்டைக் குடல்னா கோதுமை ஒத்துக்காத வியாதியா இருக்கும். ஆனாலும் அந்தப் பாப்பாவுக்கு ரத்தமும் எடுங்க. வெள்ளரிக்காய நம்பி ஒரு குழந்தையோட ரொட்டிய நிறுத்த முடியாது."

நாலு நாள் கழித்து வந்த ரத்த முடிவும் அதையே சொன்னது. கோதுமை அந்தக் குடலுக்கு ஆகவில்லை. அதை அடியோடு விட்டுவிட்டால் விரல்கள் மறுபடி முளைக்கும், குழந்தையும் வளரும்.

அம்மா வந்தபோது, எண்கள் அழிந்த விஷயத்தையும் மெழுகண்ணன் மறைக்காமல் சொன்னார். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உடம்பு தேறட்டும்னு தினமும் பாலும் பிஸ்கட்டும் நான்தானேங்க குடுத்தேன்… அப்போ நான் குடுக்காததால இல்லையா?"

"இல்லம்மா. பாசமாத்தான் குடுத்தீங்க. பிஸ்கட்டுல இருக்கற கோதுமைதான் குடலுக்கு ஆகல. இந்த ரிப்போர்ட்ட உங்க மாமியார்கிட்டயும் காட்டுங்க."

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. அது எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சிறுமி கையை நீட்டினாள். அதில், அடிமுனை முழுக்கக் கடித்துக் குதறிய பென்சில்.

"குழா நான் வரைஞ்ச மாதிரியே இல்ல" என்றாள் குறையாக.

மெழுகண்ணன் பென்சிலை வாங்கி, மேசைக் கத்தியால் இரண்டாக நறுக்கினார். இரண்டையும் கூராகச் சீவி, ஒன்றை அவளிடம் கொடுத்தார். பல் பட்ட பாதியைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அன்றைக்கு வந்திருந்த பெட்டியை எடுத்து எண் எழுத உட்கார்ந்தார்.