மரமில்லாக் கண்மாயில் இருளாண்டி ஏறிய வருஷங்கள்

2005ஆம் வருஷம் கார்த்திகையில், மரங்களெல்லாம் வெட்டப்பட்டிருந்த ஈச்சநத்தம் கண்மாயில் நத்தைகுத்தி நாரைகள் வெறும் காற்றில் கூடு கட்டின. முன்பு கருவேல மரங்கள் எந்த உயரத்தில் கிளை விட்டிருந்தனவோ அதே உயரத்தில், அதே நெருக்கத்தில் சுள்ளிகள் அடுக்கடுக்காக நின்றன. கீழே தண்ணீர், மேலே கூடு, நடுவில் ஒன்றுமில்லை. திருத்தங்கலிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் சன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் மிளகாய் வத்தல் விலை சரிந்திருந்ததால் பேச்சு சீக்கிரமே அதற்குத் திரும்பிவிட்டது.

மரங்களை வெட்டியது பங்குனி மாதத்தில். கோவில் கும்பாபிஷேகத்துக்காக ஊரே கூடிக் கண்மாய் மரங்களைக் கரிமூட்ட வியாபாரி பலவேசத்துக்கு விலை பேசி விட்டது. பறவைகள் போன பிறகு வெட்டுவதாகத்தான் பேச்சு. ஆனால் அந்த வருஷம் சில நாரைகள் பிந்திப் பொரித்திருந்தன. பலவேசம் காத்திருக்கவில்லை. கோடாலி பிடித்தவர்களில் பேச்சியம்மாளின் புருஷன் இருளாண்டியும் ஒருவர். கண்மாய் நடுவில் நின்ற பெரிய மரம் அவர் பங்குக்கு வந்தது. அது சாய்ந்தபோது இறக்கை முளைக்காத குஞ்சுகள் சேற்றில் விழுந்து, கழுத்தை நீட்டி, யாரிடம் என்றில்லாமல் இரை கேட்டன. பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை முடிந்து கரை வழியே வந்த பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. அன்றிலிருந்து இருளாண்டிக்குத் தூக்கம் போய்விட்டது. படுப்பார், எழுந்து உட்காருவார், மறுபடி படுப்பார். சிவகாசி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை பேச்சியம்மாளைத்தான் தூங்க வைத்தது, கசக்கிறதா என்று அவள் ஒன்றைத் தின்று பார்த்ததால்.

ஈச்சநத்தத்தில் வீட்டுக்கு இரண்டு பேர் வெடி செய்து பிழைத்தாலும், தீபாவளிக்கு ஒரு வெடிகூட வெடிப்பதில்லை. ஐப்பசியில் வர ஆரம்பிக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று எப்போதோ வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கம்பெனி முதலாளி கனகசபாபதிக்கும் அது தெரியும். ஆனால் தை பிறந்ததும் அடுத்த சீசனுக்கான புது வெடிகளை எங்காவது விட்டுப் பார்த்தாக வேண்டும். கண்மாய்க்கரை ஓரம் அவருடைய புஞ்சை சும்மா கிடந்தது. மரமே இல்லாத கண்மாயில் பறவைக்கு என்ன கணக்கு என்று நினைத்தோ என்னவோ, ஒரு காலையில் அங்கிருந்து வானத்துக்கு வெடி விட்டார்கள். பச்சையும் சிவப்புமாகப் பூ விரிந்தது. அத்தனை நாரைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. அவை திரும்பி வருவதற்குள் காக்கைகளும் பருந்துகளும் கூடுகளில் இறங்கி முட்டைகளைக் குடித்தன, குஞ்சுகளைத் தூக்கிப் போயின. காட்டிலாகாவுக்குச் சொல்லி அனுப்பியதில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மரம் என்றால் வெட்டாதே என்று சொல்லலாம், காற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மெய்யான வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் இருளாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். தான் வெட்டிய மரம் நின்ற இடம் அவருக்குத் தெரியும். அங்கே போய்க் கையை நீட்டித் தடவினார். பிறகு காலைத் தூக்கி வைத்தார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெத்தணன், அவர் தண்ணீருக்கு மேலே, பனையேறுவது போல நிதானமாக ஏறிப் போவதைப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மாளிடம் ஓடி வந்தான்.

"அத்தே, மாமா மேல போயிட்டாரு."

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். பெத்தணன் பதறிப்போய், "ஐயோ, அப்படி இல்லத்தே. உசுரோடதான் போயிருக்காரு" என்றான்.

கூடுகளுக்கு நடுவே, ஒன்றுமில்லாததன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் இருளாண்டி. பேச்சியம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கெஞ்சினாள், வைதாள், கடைசியில் சாப்பிட்டீகளா என்று கேட்டாள். அவர் துண்டோடு இடுப்புக் கயிற்றையும் முடிந்து கீழே விட்டார். அவள் தூக்குவாளியை அதில் கட்டினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

கம்பெனியில் சிக்கல் ஆரம்பித்தது. கனகசபாபதி கெட்ட மனுஷர் இல்லை. அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"பறவைக்கு நேரா வெடிச்சா கேக்க ஆள் இல்லம்மா. மனுஷனுக்கு நேரா வெடிச்சா என் லைசென்சு போயிரும். வடக்க இருந்து ஆர்டர் குடுக்கிறவுக வந்து காத்திருக்காக. நீங்க போய் அவரை எறங்கச் சொல்லுங்க. இல்லன்னா நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

பேச்சியம்மாளுக்கு அந்த வேலையை விட்டால் வேறில்லை. இருளாண்டி கோடாலியைத் தொட்டு வருஷமாகப் போகிறது. எப்படியாவது இறக்கிவிடுவது என்று உறுதியோடுதான் கண்மாய்க்குப் போனாள். கூப்பிட வாயெடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கல்யாணமான புதிதில் தூங்கியது போல. மடியில் ஒரு குஞ்சு கிடந்தது. தாய் நாரை அவர் தோளில் நின்று நத்தையை உடைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. அந்தச் சத்தத்திலாவது விழித்துவிடுவாரோ என்று பேச்சியம்மாள் பயந்தாள். தண்ணீர் சலசலக்காமல் காலை எடுத்து வைத்துக் கரையேறி, கம்பெனிக்குப் போய், "எம்புட்டோ சொன்னேன் மொதலாளி. எறங்க மாட்டேன்னுட்டாக" என்றாள்.

வேலை போனது. வெடிச் சோதனை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பொட்டலுக்குப் போனது. அந்த வருஷம் பேச்சியம்மாள் தீப்பெட்டி ஒட்டிக் கஞ்சி குடித்தாள். சித்திரையில் திரி சொருக ஆள் கிடைக்காமல் கம்பெனியிலிருந்தே வந்து கூப்பிட்டார்கள். கடைசிக் குஞ்சும் பறந்ததும் இருளாண்டி இறங்கி வந்து, கரையில் பொத்தென்று உட்கார்ந்து, தரை ரொம்பக் கெட்டியாக இருக்கிறது என்று குறைப்பட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஏறினார். ஊர் பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் மரத்துல என்று பேச்சியம்மாள் சொன்னாள், எந்த மரத்தில் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அரைவருஷம் புருஷன் இல்லாத வீட்டில் அவள் தனியாகக் கிடந்தாள். திரி மருந்து படிந்து கை கறுத்துக்கொண்டே வந்தது. பக்கத்துக் கம்பெனியில் ஷெட் வெடித்து நாலு பெண்கள் கருகிய அன்று, அழுவதற்குக்கூட அவள் தண்ணீருக்குள் நடந்து போய் அண்ணாந்துதான் அழ வேண்டியிருந்தது.

2009இல் மழை பொய்த்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. கார்த்திகை வந்தது, பறவைகள் வரவில்லை. மார்கழியும் போனது. பார்ப்பதற்கு ஒரு சுள்ளிகூட இல்லாத அந்த வெறுமையில் இருளாண்டி கையால் தடவித் தடவி ஏறினார். பறவை இல்லாத வருஷம் அவரும் இருக்க மாட்டார் என்று, பொங்கல் கழிந்து கனகசபாபதியின் ஆட்கள் லோடு ஆட்டோவில் வெடிகளோடு வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். அவர் இருப்பதைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அன்று பேச்சியம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வறண்ட கண்மாயில் விறுவிறுவென்று நடந்து போய்க் கீழே நின்றாள்.

"ஒரு குருவி இல்ல, கூடு இல்ல. எதுக்கு அங்கன உக்காந்திருக்கீக?"

"எடம் காலியாக் கெடந்தா எவனாச்சும் புடிச்சுக்கிருவான் புள்ள."

"அதுக வராமலே போயிட்டா?"

  மேலேயிருந்து கயிறுதான் இறங்கி வந்தது. பேச்சியம்மாள் தூக்குவாளியை அதில் கட்டாமல் பல்லில் கவ்விக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, எதிரே கையை நீட்டினாள். சொரசொரவென்று பட்டை தட்டுப்பட்டது. ஏறினாள். மேலே காற்று குளிர்ச்சியாக இருந்தது. பட்டாசு ஷெட்டுகள் தீப்பெட்டி அடுக்கியது போலச் சின்னதாகத் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் செங்கோட்டை ரயில் போய்க்கொண்டிருந்தது. இருளாண்டி கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அவள் உட்கார்ந்து பார்த்தாள், உட்கார்ந்த இடம் குத்தியது. எழுந்து, இன்னும் அகலமாக இருந்த இடது கிளைக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, சோற்றைப் பிசைந்தாள்.