பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைத் தியேட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரின் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, கொதி ஆவியில் வைத்து எடுத்து, பச்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. புதிதாகப் பழகுகிறவர்கள் எந்த சினிமா தியேட்டர் என்று விசாரிப்பார்கள். "தினம் மூணு காட்சி. எல்லாமே வெட்டுக்குத்துப் படம்" என்பாள், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸாக இருந்தாள். விவாகரத்தாகி, கைக்குழந்தையோடு தனியாக வாடகை அறையில் இருந்தவளுக்கு ஒரு சின்ன வீடு அமைந்து வந்தது. இரண்டே அறைகள், தெருவைப் பார்த்த சமையலறை, எதிரிலேயே குழந்தைகள் காப்பகம். மகள் பெயரில் மட்டும் என்றால் கடன் தர அந்த நாட்டு வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் மகளும் சேர்ந்து வாங்குவது, அம்மா வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடுவது என்று முடிவானது.

அந்த ஊர் வக்கீல் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினார். அம்மாவுக்காக மகளே கையெழுத்துப் போட ஒரு பவர் பத்திரம், பாஸ்போர்ட் நகல், திருமண நிலை பற்றி ஒரு பிரமாணப் பத்திரம். எல்லாவற்றிலும் நோட்டரி முத்திரை விழ வேண்டும். அது சரிதான் என்று வெளியுறவு அலுவலகம் ஒரு முத்திரை, அதுவும் சரிதான் என்று தூதரகம் ஒரு முத்திரை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்து கூரியரில் போகாவிட்டால் வீடு கைநழுவிவிடும்.

மூன்றாவது காகிதத்தில்தான் சிக்கல். கணவர் இருந்தால் அவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லையென்றால் இல்லை என்று மனைவியும், கணவருடைய ரத்த உறவில் ஒருவரும் நோட்டரி முன்னால் பிரமாணம் செய்ய வேண்டும்.

அவள் கணவன் லாரி ஓட்டியவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆற்றுப்பாலத்தில் லாரி மட்டும் நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு. நான்கு நாள் ஆற்றில் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. ஏழு வருடம் கழித்து, இறந்ததாகக் கருதலாம் என்று கோர்ட் உத்தரவு கொடுத்தது. அன்றைக்கும் அவளோடு கோர்ட்டுக்கு வந்தது கணவனின் அக்காவான நாத்தனார்தான்.

நாத்தனார் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். புருஷன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்ட பிறகும், இவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார் மட்டும் கூடவே நின்றாள். மகளின் நர்ஸிங் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பியதும், விமான நிலையத்தில் வழியனுப்பியதும் அவள்தான். அதனால் கூப்பிட்டதும் வந்துவிடுவாள் என்று தியேட்டரக்கா நினைத்தாள். திங்கள் கேட்டதற்குத் தலைவலி, செவ்வாய் கேட்டதற்குப் பரீட்சை வேலை. புதன்கிழமை இவளே பள்ளிக்கூட வாசலில் போய் நின்று கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

நோட்டரி வக்கீலின் அறை ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மேஜையில் நீல மை ஊறிய பஞ்சுப் பெட்டி, காகிதத்தைக் கடித்துப் புடைக்க வைக்கும் இரும்பு முத்திரை, நூலில் கட்டிய பேனா. அவர் கறாரான ஆள். மற்ற இரண்டு காகிதங்களையும் வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார். மூன்றாவதுக்கு இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"நான் வாசிக்கிறதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கம்மா. புரியலைன்னா நிறுத்திக் கேளுங்க."

தியேட்டரக்கா தன் பங்கைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். அடுத்து நாத்தனார். பெயர், வயது, உறவு எல்லாம் சரியாக வந்தன.

"மேற்படி நபர் உயிருடன் இருப்பதாக," என்று வாசித்தார் வக்கீல், "இன்றுவரை நேரிலோ, கடிதம் மூலமோ, தொலைபேசி மூலமோ..."

"நேரிலோ, கடிதம் மூலமோ..." என்ற நாத்தனார் நின்றுவிட்டாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். மறுபடி ஆரம்பித்து அதே இடத்தில் மறுபடி நின்றாள்.

"ஐயா, அந்த ஃபோன்னு வர்ற இடத்தை மட்டும் எடுத்துட முடியுமா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். தியேட்டரக்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணி?"

நாத்தனார் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அஞ்சு வருஷம் ஆச்சு. ஸ்கூல் ஆபீஸுக்கு ஒரு போன். எடுத்ததும் 'அக்கா'ன்னான். நல்லா இருக்கேன், தேடாதீங்கன்னான். அங்க ஒரு குழந்தை இருக்காம். பின்னாடி அது அழுத சத்தமும் கேட்டுச்சு."

"கோர்ட்டுக்கு என்கூட வந்தீங்களே."

"அங்க நீதான் சொன்ன. என்னை யாரும் எதுவும் கேக்கலை." நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். "அப்பதான் நீ கொஞ்சம் சிரிச்சுப் பேச ஆரம்பிச்சிருந்த. எப்படிடி சொல்லுவேன்? யார்கிட்டயும் மூச்சுவிடலை. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, சார் வாசிக்கட்டும், முழுசா சொல்லிடறேன்."

"நான் கேட்டுட்டேனேம்மா," என்றார் வக்கீல். "கேட்டதைக் கேக்கலைன்னு என்னால முத்திரை குத்த முடியாது." காகிதத்தை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார். கோபம் எதுவும் அவர் குரலில் இல்லை.

படியிறங்கும்போது நாத்தனார் கையைப் பிடிக்க வந்தாள். இவள் கையை இழுத்துக்கொண்டாள். கோர்ட் வாசலில் இன்னொரு நோட்டரி மரத்தடியில் மேஜை போட்டிருந்தார். நீட்டிய காகிதத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் முத்திரை வைப்பவர். இருவரும் அவர் எதிரில் போய் நின்றார்கள். நாத்தனார் முதலில் கையெழுத்துப் போட்டாள். பேனா இவள் கைக்கு வந்தது.

'விதவை' என்ற கட்டத்துக்கு நேராக டிக் போட வேண்டியதுதான் பாக்கி. கோர்ட் உத்தரவு வந்த பிறகு எத்தனையோ காகிதங்களில், ஒவ்வொரு முறையும் மனசில்லாமல் போட்டிருக்கிறாள். இன்றைக்கோ, அவன் செத்துப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மனசார ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது. பாலத்தில் நின்று நான்கு நாள் தண்ணீரைப் பார்த்து அழுதவளுக்கு அது துரோகமாகப் பட்டது. அவனுக்கு அல்ல, அழுத அவளுக்கு.

பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் நாத்தனார். "வீடு போயிடுமே."

"போகட்டும் அண்ணி. நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே என்னைப் பாக்க வராதீங்க."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மகளுக்கு முதலில் காகிதம் தாமதம் என்றுதான் சொன்னாள். மகள் அழுது, அந்த ஊர் வக்கீலிடம் கெஞ்சி, மூன்று நாள் தவணை வாங்கியபோது மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் போனை வைத்துவிட்டாள். வீடு ஒரு புதுமணத் தம்பதிக்குப் போனது.

தியேட்டரக்கா ஏற்கெனவே கொடுத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். லீவு நாளில் அதே ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறி, கணவர் உயிரோடு இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது, பழைய உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு பிரமாணம் செய்தாள். அதன் பிறகுதான் விவாகரத்து கேட்க முடியும், வருடக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் மறைக்காமல் சொன்னார். சரி என்றாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பதினெட்டாவது நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தாள் அவள். ஏன் பொய்க் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்திருந்தாள்.

"அம்மா," என்றாள் மகள். "அப்பா குரல் எப்படி இருந்துச்சாம்?"

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அடுத்த முனையில் பேரக்குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "அத்தைகிட்ட கேளு."

போனை வைத்துவிட்டு, பழைய டயரியைத் தேடி எடுத்து, நாத்தனார் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து மகளுக்கு அனுப்பினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அன்றைக்குக் காலையிலேயே இரண்டு ஆபரேஷன் இருந்தது.