அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சு

நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பகல் ஷிப்டுக்கு மேற்பார்வையாளர். ஆனாலும் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘அந்தப் பொண்ணு’தான். டிரைவர் ‘வந்தாரு’, எலக்ட்ரீஷியன் ‘சொன்னாரு’. அவள் மட்டும் ‘வந்துச்சு’, ‘சொல்லுச்சு’.

ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, ஆவியில் கொதிக்கும் பெரிய உருளைக்குள் விட்டுத் தேய்த்தெடுப்பார்கள். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். கை அதில் பட்டால் அந்த நொடியே உருளை நின்றுவிட வேண்டும். இப்போதெல்லாம் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கிறது என்பதை அவள் கவனித்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னாள்.

"சார், கம்பி சரியா வேலை செய்யல. சரிபண்ற வரைக்கும் உருளைய நிறுத்திடலாம்."

மேனேஜர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். "என்னப்பா, ஏதோ சொல்லுதே?"

"சும்மா பயப்படுது சார். நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் உருளையில் வேலை செய்பவன். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பேர். "எங்க வீட்லயும் இதே கதைதான் சார். அடுப்ப அணைச்சீங்களா, கதவப் பூட்டுனீங்களான்னு நாள் பூரா நச்சு நச்சுன்னு நச்சரிப்பா."

அவளும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் ‘மூஞ்சியத் தூக்கி வச்சுக்குச்சு’ என்பார்கள்.

அந்த வாரமே அது நடந்தது. கிழிந்த விரிப்பின் ஓரம் ரேடியோவின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டதைக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் பார்த்தாள்.

"கைய எடு! ரேடியோ, கைய எடு!"

தொண்டை கிழியக் கத்தினாள். அவன் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். அடுத்த நொடி அவன் போட்ட அலறலில் கூடமே அவனிடம் திரண்டு ஓடியது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இப்படி ஒரு கோளாறுன்னு யாருமே எங்கிட்ட சொல்லல சார்" என்றார் மேனேஜர்.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணு மட்டும் ஏதோ சொல்லுச்சு."

"ஏதோ சொல்லல. உருளைய நிறுத்தணும்னு சொன்னேன். இதே ரூம்ல, இவங்க எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார் அதிகாரி. அவள் குரல் உயரவே இல்லை. "சொன்னது சரி. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரேடியோவின் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்தில் அவன் மனைவி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றான் அவன். "பொம்பளைங்க கத்துறதுதானேன்னு நெனச்சுட்டேன்..."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவனைத் திட்டவா தேற்றவா என்று தெரியாமல், பார்க்க வந்தவள் கட்டிலருகே நின்றாள்.

கம்பியை மாற்றினார்கள். கொஞ்ச நாள் எல்லோரும் பதவிசாக இருந்தார்கள். பிறகு ஒரு காலை, துவைக்கும் மெஷினுக்குப் போகும் ஆவிக்குழாயின் மூட்டு சீறத் தொடங்கியது. நிறுத்தச் சொன்னாள்.

"மேனேஜர் வரட்டும். அவரு சொன்னா நிறுத்துறேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

குழாய்க்குக் கீழே இரண்டு பேர் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஆவி வால்வையும் மூடினாள். கூடம் முழுக்க இரைச்சல் அடங்கியது. மேனேஜர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

அவள் சுவிட்சை மறைத்து நின்றுகொண்டாள். "யாரையும் கேக்கல சார். உங்களக் கேட்டுட்டு நின்னதுலதான் அவன் கை போச்சு."

அன்றைக்கே குழாயைச் சரிசெய்தார்கள். மறுவாரம் அவளைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். நிறுத்துவதற்கு அங்கே எந்த மெஷினும் இல்லை.